பதவி பரம்பரைச் சொத்தான வரலாறு

ஆங்கில நாவல்களின் வழியாகவும் திரைப்படங்களின் வழியாகவும் ஐரோப்பியப் பிரபுக்களை அறிந்துகொண்ட நமக்கு, டியூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன் என்று மேலிருந்து கீழாக இறங்கும் அந்த ஐந்து படிகளும் ஆதிமுதல் அவ்வாறே அமைந்துவிட்ட ஸ்திரமான ஏணியாகவும், மாளிகைகளுக்கும் விருந்துகளுக்கும் மாத்திரம் உரிய அலங்கார நாமங்களாகவும் தோன்றுவது இயல்பே. ஆனால் சரித்திரத்தைச் சற்றுப் பொறுமையுடன் பின்னோக்கிச் சென்று பார்க்கிறவர்களுக்கு, இப்பட்டங்களில் மிகப் பழமையானவை ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் ஓர் உத்தியோகமாக இருந்தது என்பதும், அந்த உத்தியோகத்தைச் சரிவர நடத்தத் தவறியவனிடமிருந்து அது திரும்பப் பெறப்படக்கூடியதாக இருந்தது என்பதும் தெளிவாகும். பிரபுத்துவத்தினால் ஐரோப்பிய மக்களுக்கு விளைந்த கேடுகளில் பெரும்பகுதி, மனிதருள் சிலருக்கு அதிகாரம் அளிக்கப்பட்டதனால் அல்லாமல், அளிக்கப்பட்ட அதிகாரம் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும் சொத்தாக மாறியதனாலேயே விளைந்தது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

ரோம சாம்ராஜ்யத்தின் பிற்காலத்தில் எல்லைப்புறப் படைகளை நடத்திய சேனாபதியின் பதவிப் பெயரிலிருந்து டியூக் என்ற பட்டமும், சக்கரவர்த்தியின் உடனிருந்து ராஜ்ய காரியங்களைக் கவனித்தவர்களின் பெயரிலிருந்து கவுண்ட் என்ற பட்டமும் வந்தன. 800ஆம் ஆண்டில் ரோமாபுரியில் சக்கரவர்த்தியாக முடிசூடிய சார்லமேனின் ஆட்சியில், கவுண்ட் என்பவர் நம்முடைய ஜில்லா கலெக்டரையும் ஜில்லா நீதிபதியையும் போலீஸ் தலைவரையும் ஒரே ஆளாகச் சேர்த்துவைத்தாற்போன்ற அதிகாரியாக இருந்தார். தம் எல்லைக்குள் நியாயஸ்தலம் கூட்டுவதும், வரி தண்டுவதும், யுத்தம் வந்தால் ஆள் திரட்டிக்கொண்டு செல்வதும் அவர் கடமைகள். நியாயஸ்தலத்தில் விதிக்கும் அபராதத்தில் மூன்றில் ஒரு பங்கு அவருக்குரியது. அவர் ஒழுங்காக நடக்கிறாரா என்று விசாரித்து வருவதற்காக, பெரும்பாலும் ஒரு பிஷப்பும் ஒரு பிரபுவுமாக இருவர் இருவராகச் சக்கரவர்த்தியின் தூதர்கள் நாடெங்கும் அனுப்பப்பட்டார்கள். நியாயம் விசாரிப்பவர்கள் உணவருந்துமுன், வெறும் வயிற்றுடனேயே வழக்குகளைக் கேட்க வேண்டும் என்று சார்லமேனின் சாசனம் ஒன்று விதித்திருப்பதைப் படிக்கும்போது, வயிறு நிறைய உண்டும் குடித்தும் வந்து தீர்ப்புச் சொன்ன அதிகாரிகளைப் பற்றி அவர் செவிக்கு எத்தனை முறையீடுகள் எட்டியிருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றுகிறது. பதவி பறிபோகும் என்ற பயம் இருந்தவரையில் அத்தகைய விதிகளுக்கு ஓரளவேனும் வலிமை இருந்தது.

இந்த உத்தியோகம் சொத்தாக மாறியது எவ்வாறு? நாணயப் புழக்கம் குறைந்திருந்த அந்தக் காலத்தில் அதிகாரிக்கு மாதச் சம்பளம் கொடுக்க அரசனால் இயலவில்லை. ஆகவே உத்தியோகத்தோடு நிலத்தைக் கொடுத்தான். நிலம் பெற்றவன் அதில் கோட்டை கட்டினான், குடிகளைத் தன் வசப்படுத்தினான், அக்கம்பக்கத்துக் குடும்பங்களில் பெண் கொடுத்தும் எடுத்தும் உறவைப் பெருக்கினான். அவன் இறந்தபிறகு வேறொருவனை அந்த இடத்தில் நியமிப்பதென்றால் படையெடுத்துச் சென்றுதான் நியமிக்க வேண்டும் என்ற நிலை உண்டாயிற்று. 877ஆம் ஆண்டில் வழுக்கைத் தலையர் என்று பெயர்பெற்ற சார்லஸ் சக்கரவர்த்தி இத்தாலிக்குப் புறப்படுமுன் கியெர்சி என்ற ஊரில் சில ஏற்பாடுகள் செய்தார். தாம் வெளியில் இருக்கும்போது ஒரு கவுண்ட் இறந்து, அவருடைய மகன் தம்மோடு படையில் இருந்தால், அந்த எல்லையை இடைக்காலத்தில் யார் கவனிப்பது என்பது அவற்றுள் ஒன்று. அது பரம்பரைப் பாத்தியதையைச் சட்டமாக்கிவிடவில்லை; ஆனால் தந்தைக்குப் பிறகு மகன் வருவான் என்ற எதிர்பார்ப்பு ஏற்கெனவே வழக்கமாகிவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை. சார்லஸ் அந்தப் பயணத்திலிருந்து உயிரோடு திரும்பவில்லை. அடுத்த நூற்றாண்டு முடிவதற்குள், அவருடைய ராஜ்யத்தில் கவுண்ட் என்றால் பிறப்பால் வருகிறவர் என்றாகிவிட்டது.

எல்லைப்புற மாகாணங்களைக் காத்தவர்கள் மார்க்விஸ் என்றும், ஜெர்மன் நாட்டில் மார்க்கிரேவ் என்றும் பெயர் பெற்றார்கள். எதிரியை எந்நேரமும் எதிர்நோக்கியிருந்தமையால் இவர்களுக்கு அதிகப் படையும் அதிகச் சுதந்திரமும் கொடுக்க வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் பெரும் ராஜ்யங்களாக வளர்ந்த பிராண்டன்பர்க்கும் ஆஸ்திரியாவும் இவ்வாறு எல்லைக்காவல் மாகாணங்களாகத் தொடங்கியவையே. கவுண்ட்டுக்குப் பதிலாகக் காரியம் பார்த்தவர் வைகவுண்ட். அரசனிடமிருந்து நேராக நிலம் பெற்றவர்கள் பாரன்கள். இவற்றுக்குள் யார் பெரியவர், யார் சிறியவர் என்பது நெடுங்காலம் பட்டத்தைப் பொறுத்ததாக இருக்கவில்லை. துலூஸ் நகரத்துக் கவுண்ட் பல டியூக்குகளைவிட வலியவராயிருந்தார். பதினைந்தாம் நூற்றாண்டில் பர்கண்டி டியூக் தம் மேலதிகாரியான பிரான்ஸ் மன்னருக்கே அச்சமூட்டும் எதிரியாக விளங்கினார். வரிசைக்கிரமமான ஏணி, அதிகாரம் குறையக் குறையத்தான் துல்லியமாக வகுக்கப்பட்டது.

பரம்பரையாகிவிட்ட பிறகும் அந்தப் பழைய நிபந்தனையின் உயிர் உடனே போய்விடவில்லை என்பதை, பிளாண்டர்ஸ் நாட்டில் 1127ஆம் ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும் நிகழ்ந்தவற்றைக் கொண்டு அறியலாம். இன்றைய பெல்ஜியத்தில் பெரும்பாகம் அமைந்துள்ள அந்நாட்டைப் பற்றி, புரூஜ் நகரில் எழுத்தராக இருந்த கால்பெர்ட் என்பவர் நாள்தோறும் கண்டதையும் கேட்டதையும் குறித்துவைத்த நூல் நமக்குக் கிடைத்திருக்கிறது. பிரபுத்துவ காலத்தை அறிய விரும்புகிறவர்களுக்கு அதைப்போல் உதவும் சாட்சியம் வெகு சிலவே. அப்போது பிளாண்டர்ஸின் கவுண்ட்டாக இருந்தவர் நல்லவர் என்று மக்களால் அழைக்கப்பட்ட சார்லஸ். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த கடும் பஞ்சத்தில் ஏழைகளுக்கு அன்னமிட்டும், தானியத்தை மதுவாக்குவதைத் தடுத்தும் அவர் பெரும் மதிப்புப் பெற்றிருந்தார். அவருடைய ராஜ்யத்தில் அதிகாரம் மிகுந்த குடும்பம் ஒன்று இருந்தது; அதன் தலைவரான பெர்ட்டல்ஃப் புரூஜ் நகரத்துப் பேராலயத்தின் அதிபராகவும், கவுண்ட்டின் பிரதான காரியஸ்தராகவும் இருந்தார். அந்தக் குடும்பத்துப் பெண்ணை மணந்திருந்த ஒரு வீரன், மற்றொரு வீரனைத் துவந்த யுத்தத்துக்கு அழைத்தபோது, அழைக்கப்பட்டவன் மறுத்துவிட்டான். பண்ணையடிமை வம்சத்துப் பெண்ணை மணந்து ஓராண்டு கழிந்துவிட்டால் கணவனும் தன் சுதந்திரத்தை இழக்கிறான், அத்தகையவனோடு நான் போரிட வேண்டியதில்லை என்பது அவன் வாதம். செல்வமும் பதவியும் மலைபோல் குவிந்திருந்த அந்தக் குடும்பத்தின் பூர்வீகம் அடிமைப் பூர்வீகம் என்ற பேச்சு இவ்வாறு நியாயஸ்தலத்துக்கே வந்துவிட்டது. கவுண்ட்டும் அவர்களைத் தம் உடைமையென்று நிரூபிக்க முற்பட்டார். 1127 மார்ச் 2ஆம் தேதி காலை, ஆலயத்தில் ஜெபம் செய்துகொண்டிருந்த சார்லஸை அக்குடும்பத்தார் வாளால் வெட்டிக் கொன்றார்கள்.

இந்தக் கொலை என் மனத்தை நீங்காமல் உறுத்துவது, செத்தவரும் கொன்றவர்களும் ஒரே கொடுமைக்கு இரையானவர்கள் என்பதனாலேதான். திறமையினால் உயர்ந்த ஒரு குடும்பம், தலைமுறைகளுக்கு முன் வாழ்ந்த பாட்டன்மார் யாருக்குச் சொந்தமாக இருந்தார்கள் என்ற ஒரு கேள்வியினால் அனைத்தையும் இழக்கக்கூடிய நிலையில் நின்றது. பஞ்சத்தில் மக்களைக் காத்த நல்ல அரசர், அந்தக் கேள்வியையே ஆயுதமாக எடுத்தார். கொலைகாரர்கள் முற்றுகையிடப்பட்டுப் பிடிபட்டபின் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒருவர்பின் ஒருவராகத் தள்ளிக் கொல்லப்பட்டார்கள்.

அடுத்த கவுண்ட்டாக, பிரான்ஸ் மன்னரின் ஆதரவுடன் வந்தவர் இங்கிலாந்தை வென்ற வில்லியமின் பேரரான வில்லியம் கிளிட்டோ. அவருக்குப் பிளாண்டர்ஸ் வீரர்கள் பணிந்து சத்தியம் செய்த காட்சியைக் கால்பெர்ட் விவரிக்கிறார். என் ஆளாக முழுமனதோடு ஆக விரும்புகிறாயா என்று கவுண்ட் கேட்க, விரும்புகிறேன் என்று சொல்லி வீரன் தன் குவித்த கரங்களை அவருடைய இரு கரங்களுக்குள் வைக்கிறான், இருவரும் முத்தமிட்டுக்கொள்கிறார்கள், பிறகு வீரன் விசுவாசமாயிருப்பதாக வாக்களித்து, புனிதர்களின் திருப்பண்டங்கள்மீது ஆணையிடுகிறான், கவுண்ட் தம் கையிலிருந்த சிறு கோலினால் அவனுக்கு நில உரிமையை அளிக்கிறார். நகரத்து வணிகர்களுக்கும் புதிய கவுண்ட் சுங்க வரி முதலியவற்றில் வாக்குறுதிகள் தந்திருந்தார். அந்த வாக்குகளை அவர் மீறத் தொடங்கியபோது, 1128 பிப்ரவரியில் கெண்ட் நகரத்து மக்களின் சார்பாக ஆல்ஸ்ட் ஊரைச் சேர்ந்த இவான் என்ற பிரபு அவர் முகத்துக்கு நேரே குற்றங்களை எடுத்துச் சொன்னார். பிரபுக்களும் குருமாரும் மக்களில் விவேகிகளும் ஆயுதமின்றிக் கூடி விசாரிக்கட்டும்; நீர் வாக்குத் தவறியவர் என்று தெரிந்தால் கவுண்ட் பதவியைத் துறந்து, தகுதியுள்ள வேறொருவரை நாங்கள் தேர்ந்துகொள்ள விட்டுவிட வேண்டும் என்பது அவர் கூறியதன் சாரம். வில்லியம் சினந்து இவானையே துவந்த யுத்தத்துக்கு அழைத்தார். இவான் அதை ஏற்கவில்லை. நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேறொருவரைக் கவுண்ட்டாக ஏற்றன. அதே ஆண்டு கோடையில் ஆல்ஸ்ட் முற்றுகையில் பட்ட காயத்தினால் வில்லியம் மாண்டார்.

அரசியல் நிர்ணய சபைகளும் தேர்தல்களும் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, ஆளுகிறவன் வாக்குக் கொடுத்து ஆளுகிறான், வாக்கு மீறினால் பதவி போகும் என்ற நீதி ஐரோப்பாவின் நகரச் சதுக்கத்தில் உரக்கச் சொல்லப்பட்டது. பிரபுத்துவ முறையை ஒட்டுமொத்தமாக இருட்டு என்று தள்ளிவிடுகிறவர்களோடு நான் உடன்படாததற்கு இதுவே காரணம். அந்த முறைக்குள் இருந்த ஒப்பந்த உணர்ச்சி போற்றத்தக்கது. அந்த உணர்ச்சியைக் கொன்றது பரம்பரைப் பாத்தியதை.

பதவி சொத்தானபின், வாரிசாக நின்ற பெண்கள் அந்தச் சொத்தைக் கைமாற்றும் கருவிகளானார்கள். வில்லியம் மார்ஷல் என்ற ஆங்கில வீரர், சிறு பிரபு ஒருவரின் நான்காவது மகனாகப் பிறந்து, கைப்பிடி நிலமும் இல்லாமல் தம் வாள் வலிமையினாலேயே மேலே வந்தவர்; 1189ஆம் ஆண்டில் பெம்ப்ரோக் வம்சத்து வாரிசான இஸபெல் டி கிளேரை மன்னர் அவருக்கு மணமுடித்துக் கொடுத்த பிறகுதான் பெரும் பிரபுவானார், பின்பு ஏர்ல் ஆகி, சிறுவனான மூன்றாம் ஹென்றிக்காக நாட்டையே நிர்வகித்தார். அவருடைய தகுதியை நான் குறைத்துப் பேசவில்லை. அத்தனை தகுதியும் ஒரு பெண்ணின் கரத்தைப் பரிசாகப் பெறும் வரையில் போதாததாக இருந்தது என்பதையே சுட்டுகிறேன். 1214ஆம் ஆண்டில் ஜெஃப்ரி டி மாண்டெவில் என்ற பிரபு, கிளாஸ்டர் சீமாட்டியான இஸபெல்லாவை மணந்துகொள்வதற்காக ஜான் மன்னருக்கு 20,000 மார்க் கொடுக்க ஒப்புக்கொண்டார். அந்த அம்மையார் ஜான் மன்னரே முன்பு மணந்து விலக்கிவிட்ட மனைவி. அவருடைய விருப்பம் என்னவென்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. மறு ஆண்டு அதே மாண்டெவில் மன்னருக்கு எதிராகக் கிளம்பிய பிரபுக்களுடன் சேர்ந்து, மாக்னா கார்ட்டா என்ற மகாசாசனத்தைக் காக்க நியமிக்கப்பட்ட 25 பேரில் ஒருவராக நின்றார்.

இங்கிலாந்தில் கவுண்ட்டுக்கு நிகரான ஏர்ல் என்பவரின் நிர்வாக வேலை ஷெரீப்பின் கைக்குச் சென்றுவிட, பட்டம் வெறும் கௌரவமாக எஞ்சியது; எஞ்சிய கௌரவத்துக்கு மேலும் கீழும் புதிய படிகள் சேர்க்கப்பட்டன. முதல் டியூக் 1337ஆம் ஆண்டிலும், முதல் மார்க்விஸ் 1385ஆம் ஆண்டிலும், முதல் வைகவுண்ட் 1440ஆம் ஆண்டிலும் உண்டாக்கப்பட்டார்கள். 1611ஆம் ஆண்டில் முதலாம் ஜேம்ஸ் பாரனெட் என்ற புதுப் பட்டத்தை விற்பனைக்கே கொண்டுவந்தார். விலை 1,095 பவுன். இந்தத் தொகை வந்த விதத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்: அயர்லாந்தின் அல்ஸ்டர் மாகாணத்தில் 30 போர்வீரர்களை மூன்றாண்டுகள் வைத்துக் காக்க வேண்டும், ஒரு வீரனுக்கு நாளொன்றுக்கு எட்டுப் பென்னி, 30 பேருக்கு 240 பென்னி, அதாவது சரியாக ஒரு பவுன், மூன்றாண்டுக்கு 1,095 நாட்கள். தாமே சென்று எல்லையைக் காத்தவர்களின் பெயராகப் பிறந்த பட்டங்களின் வரிசையில், எல்லையைக் காக்கும் கூலியாட்களுக்குப் பணம் கட்டியதற்கான ரசீதாக ஒரு பட்டம் வந்து சேர்ந்துவிட்டது. ஐந்தாண்டுக்குள் பாரன் பட்டத்துக்கே 10,000 பவுன் கொடுத்தவர் உண்டு.

பிரான்சில் இந்த வியாபாரம் இன்னும் ஆழமாக வேரூன்றியது. மன்னரின் காரியதரிசி முதலிய பதவிகளை விலைக்கு வாங்கி, இருபதாண்டு வகித்தால், அல்லது வகிக்கும்போதே இறந்தால், வம்சம் முழுவதும் பிரபு வம்சமாகிவிடும்; 1604 முதல், பதவி மதிப்பில் அறுபதில் ஒரு பங்கை ஆண்டுதோறும் வரியாகக் கட்டினால் அதைச் சந்ததிக்கே விட்டுச்செல்லலாம் என்றும் ஆயிற்று. பிரபுவானவனுக்கு டாய் என்ற பிரதான வரியிலிருந்து விலக்கு உண்டு. அந்த வரியோ பெரும்பாலான மாகாணங்களில் ஊருக்கு இவ்வளவு என்று மொத்தமாக விதிக்கப்பட்டது. ஆகவே ஊரில் மிகுந்த செல்வன் ஒருவன் பட்டம் வாங்கும்போதெல்லாம், அவன் கட்டிவந்த பங்கு எஞ்சிய குடியானவர்களின் தலையில் விழுந்தது. பட்டங்களைப் பற்றிய சர்ச்சைகளில் மாளிகையின் உள்ளலங்காரங்கள் பேசப்படும் அளவுக்கு இந்த ஒரு கணக்கு பேசப்படாதது எனக்கு மனவருத்தத்தைத் தருகிறது. 1781ஆம் ஆண்டில் படையில் நேரடியாக அதிகாரியாகச் சேர நான்கு தலைமுறைப் பிரபுத்துவம் வேண்டும் என்று விதி செய்யப்பட்டது. எட்டே ஆண்டுகள் கழித்து, 1789 ஆகஸ்டு 4ஆம் தேதி இரவு, வைகவுண்ட் டி நொவாய் என்ற பிரபுவே தேசிய சபையில் எழுந்து பிரபுத்துவ உரிமைகளை ஒழிக்க முன்மொழிந்தார். மறு ஆண்டு ஜூன் 19ஆம் தேதி பட்டங்களும் ஒழிந்தன. 1808ஆம் ஆண்டில் நெப்போலியன் அவற்றை மீண்டும் கொண்டுவந்தபோது, தம் சேனாபதிகளின் வெற்றிகளுக்கு வெகுமதி என்ற அளவில் நின்றிருந்தால் குறை கூற மாட்டேன்; ஆனால் அவற்றையும் வாரிசுக்கு இறங்கும்படி செய்தார்.

நம் நாட்டின் மண்ணும் இந்த ஏணியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ராபர்ட் கிளைவ் 1762ஆம் ஆண்டில் பிளாசியின் பாரன் ஆனார். ஸ்ரீரங்கப்பட்டணத்தை 1799ஆம் ஆண்டில் வீழ்த்திய சேனைக்குத் தலைமை தாங்கிய ஜார்ஜ் ஹாரிஸ், 1815ஆம் ஆண்டில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கும் மைசூருக்கும் பாரன் என்ற பட்டம் பெற்றார். அந்தப் பட்டத்தை மூன்றாவதாகத் தாங்கிய அவருடைய பேரர் சென்னை மாகாணத்துக்குக் கவர்னராகவும் வந்தார். திப்புவின் மக்கள் சிந்திய ரத்தத்தை நினைவூட்டும் ஊர்ப்பெயர், ஓர் ஆங்கிலக் குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாக ஆபரணமாயிற்று. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற எஸ். சுப்பிரமணிய ஐயர், தமக்கு ஆங்கில அரசு அளித்திருந்த ஸர் பட்டத்தை, இந்தியாவின் நிலையைக் குறித்து அமெரிக்க ஜனாதிபதி வில்ஸனுக்குக் கடிதம் எழுதியதனால் எழுந்த கண்டனத்தையடுத்து 1918ஆம் ஆண்டில் துறந்தார். அது வாரிசுக்கு இறங்கும் பட்டமன்று. ஆயினும் கொடுத்தவனிடம் திருப்பிக் கொடுக்கும் உரிமை பெற்றவனுக்கு உண்டு என்பதை அந்த முதியவர் காட்டினார். ராணுவ, கல்விச் சிறப்புகள் நீங்கலாக அரசு எந்தப் பட்டமும் அளிக்கலாகாது என்று நம் அரசியல் சாசனத்தின் 18ஆம் பிரிவு விதிப்பது, அத்தகைய அனுபவங்களின் பின்னணியில் எழுதப்பட்டது.

ஐரோப்பாவில் ஆஸ்திரியா 1919ஆம் ஆண்டில் பட்டங்களை அடியோடு தடைசெய்து, பெயருக்கு முன்னுள்ள வான் என்ற சிறு சொல்லையும் நீக்கியது. அதே ஆண்டில் ஜெர்மனி பட்டத்தைப் பெயரின் ஒரு பகுதியாக மாத்திரம் விட்டுவைத்தது. ஒருவர் தம் முன்னோர் பெயரை வைத்துக்கொள்வதில் யாருக்கும் நஷ்டமில்லையாதலால், ஜெர்மன் வழியே எனக்கு நியாயமாகப் படுகிறது. இங்கிலாந்தில் 1999ஆம் ஆண்டுச் சட்டம் பரம்பரைப் பிரபுக்களில் பெரும்பாலோரைச் சட்டசபையின் மேல்மன்றத்திலிருந்து அகற்றிய பிறகும், 92 பேருக்கு இடம் விட்டது. பிறப்பின் காரணமாகச் சட்டம் செய்யும் உரிமை ஒரே ஒருவருக்கு இருந்தாலும் அது அநீதியே.

அண்மைக் காலத்தில் எழுந்துள்ள இன்னொரு கேள்வி, மூத்த மகளுக்கும் பட்டம் இறங்க வேண்டுமா என்பது. ஸ்பெயின் 2006ஆம் ஆண்டில் அவ்வாறே சட்டம் செய்தது. இங்கிலாந்தில் 2013ஆம் ஆண்டுச் சட்டம் அரியணைக்கு ஆண் பெண் பேதத்தை நீக்கியபோதும், பிரபுப் பட்டங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பழைய விதியையே விட்டுவைத்தது. தம்பியிடமோ தூரத்து உறவினனிடமோ பட்டம் போவதைக் கண்டு மகள்மார் வருந்துகிறார்கள். அவர்களுடைய வருத்தம் நியாயமானது. ஆனால் கிளாஸ்டர் இஸபெல்லாவை 20,000 மார்க்குக்கு விற்கச் செய்த அதே பாத்தியதையில் பெண்ணுக்கும் ஒரு பங்கு கொடுப்பதனால், பட்டமில்லாத வீடுகளில் பிறந்த கோடிக்கணக்கான பெண்களுக்கு என்ன நீதி கிடைத்துவிடும்? 1958ஆம் ஆண்டில் இங்கிலாந்து தானே ஒரு மாற்றுவழியைக் கண்டது. ஆயுள்வரைக்கும் மாத்திரம் நிலைக்கும் பிரபுப் பட்டம் அந்த ஆண்டுச் சட்டத்தினால் பெருவழக்காயிற்று, ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமமாக. இன்று பரம்பரைப் பட்டம் வகிப்பவர்களுக்கும் அந்த விதியையே நீட்டிவிடலாம்: தத்தம் வாழ்நாள் முடியும்வரை அவர்கள் அதை வைத்திருக்கட்டும், அதற்குப் பிறகு மகனுக்கும் வேண்டாம், மகளுக்கும் வேண்டாம்.